மாருதி 800-க்கு அடியில் பதினோரு ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டையும் முன்பக்கம் கொடுத்து, ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, அப்பாவின் மாருதி 800-க்கு அடியில் மல்லாந்து படுத்தேன். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் திருப்புளி. இரண்டு மழைக்காலம் தாண்டிய ஃப்ளோரைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன். டங், டங் என்று நல்ல தகரச் சத்தம். ஓட்டுகிறவர் காலடியில் வெல்டிங் வைத்த இடத்திலும் அதே சத்தம். வலது முன் வீலுக்குப் பின்னால் ஒரு அடி நீளத்துக்கு மட்டும் பெயிண்டில் மிளகுத்தூள் தூவினாற்போல் பழுப்புப் புள்ளிகள். அது ஏன் அங்கே மட்டும் வந்தது என்று எனக்குத் தெரியும். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறவன். கார் 1999 ஜூனில் அப்பா வாங்கியது. கார்புரேட்டர், நாலு கியர், 12 இஞ்ச் வீல். அப்பா இப்போது ஓட்டுவதில்லை. ஆனால் யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு செருமல் கேட்கும்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. காருக்குள் சீட்டின் அடிப்பாகம் வரை வந்து போயிருந்தது, சுவரில் கறை இருக்கிறதே அதுபோல் கதவின் உட்புறம் ஒரு கோடு. நல்லவேளை, சாவியைப் போடாமல் முதலில் பேட்டரியைக் கழற்றினேன். மெக்கானிக் வந்து எஞ்சின் ஆயில், கியர் ஆயில் எல்லாம் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, ஒரு வாரத்தில் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஓடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். இது முதல் தப்பு. தரை விரிப்பை அன்றைக்கே கிழித்து எடுத்திருக்க வேண்டும்.

பொங்கலுக்கு அப்புறம் காருக்குள் ஊறுகாய்ப் பானை போல ஒரு வாடை. சீட்டுகளைக் கழற்றி விரிப்பைத் தூக்கினேன். மேலே இருப்பது ரெக்ஸின் மாதிரி, அது காய்ந்திருந்தது. அதற்கு அடியில் ஒரு விரல் தடிமனுக்குக் கம்பளிப் பஞ்சு. பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. நாலு துண்டாக வெட்டி எடுத்து, பழைய பேப்பர்க்காரரின் தராசில் வைத்துப் பார்த்தேன்: 11 கிலோ. மாடியில் பத்து நாள் காய்ந்தபின் மூன்றரை கிலோ. ஏழரை லிட்டர் தண்ணீரை ஒரு மாதமாகத் தகரத்தின் மேல் போர்த்தி வைத்திருந்திருக்கிறேன்.

திருப்புளியால் சும்மா அழுத்தினேன். குதிகால் படுகிற இடத்தில் அது அப்படியே உள்ளே போய்த் தரை தெரிந்தது.

டிங்கர் அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். நாற்பது வருஷமாகத் தகரம் தட்டுகிறவர். அடியில் படுத்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"தம்பி, இதுல தகரம் எங்க இருக்கு? தாருதான் வண்டியத் தாங்கிக்கிட்டு இருக்கு."

தார் என்று அவர் சொன்னது 2017-இல் ஒரு பட்டறையில் 3,500 ரூபாய் கொடுத்து, துருப்பிடிக்காமலிருக்க அடிப்பக்கத்தில் அடித்த அண்டர்கோட்டிங். எப்படி அடித்தார்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள், டீ குடித்து வரும் நேரம் காய விட்டார்கள், கறுப்பாக அடித்துவிட்டார்கள். துருவும் ஈரமும் உள்ளேயே அடைபட்டுப்போயின. ஏழு வருஷம் குனிந்து பார்க்கும்போதெல்லாம் கன்னங்கரேலென்று அழகாகவே இருந்தது. இப்போது பட்டி பிளேடைக் கொடுத்து நெம்பினால் தார் அப்பளம் அப்பளமாகக் கழன்று வந்தது, ஒவ்வொரு அப்பளத்தின் பின்பக்கமும் சிவப்பாகத் துரு ஒட்டியிருந்தது. அதைவிட மோசம், ரன்னிங் போர்டின் (கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகரப் பெட்டி) அடியில் தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே விட்டிருந்த துவாரங்களையும் அந்தத் தார் மூடியிருந்தது. உள்ளே போன வெள்ளத் தண்ணீருக்கு வெளியே வர வழியே இல்லை.

ஒரு பட்டறையில் எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள். இன்னொரு இடத்தில் 3,000 ரூபாய்க்கு ஃபைபர் பாய் வைத்து ரெசின் பூசித் தருகிறோம் என்றார்கள். துருவின் மேல் பூசினால் இன்னொரு 2017தான். பதிவு 2024 ஜூனில் முடிவதாக இருந்தது, புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். கையில் நாலரை மாதம் இருந்தது. வெட்டி ஒட்டுவது அண்ணாச்சி, சுரண்டுவதும் பூசுவதும் நான் என்று பேசி முடித்தோம்.

முதல் இரண்டு ஞாயிறும் தாரை எடுப்பதிலேயே போயின. ஹீட் கன்னால் சூடாக்கி, மூன்று இஞ்ச் பட்டி பிளேடால் வழித்தேன். சூடு அதிகமானால் தார் உருகி முழங்கை வழியாக அக்குளுக்கு வரும். கொஞ்சமாகச் சூடாக்கி, மெழுகுப் பதத்தில் வழிக்க வேண்டும் என்று பிடிபட அரை நாள் ஆனது. மிச்சத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன். உள்பக்கமும் சத்தம் வராமலிருக்கக் கம்பெனி ஒட்டிய தார் அட்டைகள் இருக்கும், அவற்றையும் எடுத்தேன். முழுவதும் எடுத்தபின் சாக்பீஸால் வட்டம் போட்டு எண்ணினேன். ஓட்டை நாலு. பெரியது ஓட்டுகிறவர் காலடியில் 14 செ.மீ.க்கு 9 செ.மீ. அடுத்தது இடது ரன்னிங் போர்டின் பின்முனையில், பின் வீல் தண்ணீரை அடிக்கிற இடத்தில், 11 செ.மீ. நீளம். இடது ஜாக்கி பாயிண்டுக்குப் பக்கத்தில் ஒன்று, பின் சீட்டின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒன்று.

அப்புறம் கழுவல். இங்கேதான் இந்த வேலையிலேயே பெரிய பாடம் கிடைத்தது.

தார் போன தகரத்தின் இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ஒட்டு மடிப்புகளில், நட்டுகளைச் சுற்றி. பெயிண்ட் அடிக்கும் முன் அது போக வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். பிரஷர் வாஷரை இரவல் வாங்கி, வீட்டு போர் தண்ணீரில் இரண்டு மணி நேரம் அடித்தேன். வெள்ளை போனது. வெயிலில் காய்ந்ததும் திரும்ப வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி வந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். (வெள்ளத்தில் என்னென்ன கலந்திருந்தது என்று யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.) கரித்தது.

ஆர்.ஓ. மிஷின்காரர்கள் கையில் வைத்திருப்பார்களே, பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர், அதை 240 ரூபாய்க்கு வாங்கினேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். வீட்டு போர் தண்ணீர் 2,870. மாநகராட்சிக் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர், வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணி, 190. அப்படியானால் நான் இவ்வளவு நேரமாகக் கழுவவில்லை, உப்புத் தெளித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கெட் போர் தண்ணீரைக் காருக்கு அடியில் பீய்ச்சிக் காய விட்டால், தண்ணீர் போய்விடும், உப்பு இடுக்கில் தங்கிவிடும். அந்த உப்பு சும்மா இருக்காது. எங்கள் ஊரில் உப்பு மூட்டையை வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், மழையே இல்லாத நாளிலும் ஈரக்காற்று அடித்தால் மூட்டை கசியும். காரின் மடிப்புக்குள் இருக்கிற உப்பும் அதைத்தான் செய்கிறது.

அன்றைக்கு மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினேன். வாட்டர் சர்வீஸ் செய்கிற மூன்று இடங்களில், கேட்டுவிட்டுத்தான், டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். 1,940, 3,100, 3,460. மூன்றுமே போர். ஒரு பையன், "குடிக்கவா போறீங்க அண்ணே, வண்டி கழுவத்தான?" என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஊரின் நிலத்தடி நீர் அப்படி. அப்பா கணக்கில் சுத்தமானவர், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வாட்டர் சர்வீஸ் விட்டவர். முத்தையாபுரம் பக்கம் உப்பு லாரி சொட்டிக்கொண்டு போன ரோட்டில் ஓடியதைக் கழுவத்தான் விட்டார். இருபத்து நாலு வருஷம் உப்பை உப்பால் கழுவியிருக்கிறோம். நான் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "கடைசியில டீசல் அடிப்பானே, அது?" என்று கேட்டார். அதுவும் உபயோகமில்லாதது என்று சொல்ல மனசு வரவில்லை. உண்மையில் அந்த டீசலும் கழிவு ஆயிலும் சேர்ந்து, கீழே இருந்த ரப்பர் புஷ்களை உப்ப வைத்ததும், புழுதியை ஒட்டவைத்ததும்தான் மிச்சம். ஆயில் படிந்த சில மூலைகளில் தகரம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அது அடுத்த கழுவலோடு போய்விடும்.

ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு நாள்தோறும் வராது. வருகிற நாளில் இரண்டு டிரம் பிடித்து வைத்து, அந்த ஞாயிறு முழுக்க இரண்டு டிரம்மையும் காருக்கு அடியிலேயே தீர்த்தேன். வீட்டில் இதற்கு நடந்த வாக்குவாதத்தை எழுதவில்லை. ஒட்டு மடிப்புகளில் மட்டும் நைலான் பிரஷால் தேய்த்துத் தேய்த்து நாலு முறை. வடிகிற தண்ணீரைத் தட்டில் பிடித்து மீட்டரை வைத்தேன். முதல் தடவை 1,400-க்கு மேல், நாலாவது தடவை 230. அங்கே நிறுத்தினேன்.

அடுத்தது துரு எடுப்பது. நாலு இஞ்ச் கிரைண்டரில் முறுக்குக் கம்பி கப் பிரஷ் போட்டு ஓட்டினேன். கம்பி தெறிக்கும், கண்ணாடி கட்டாயம். முழங்கையில் ஒரு கம்பி ஏறி அண்ணாச்சிதான் குறடால் எடுத்தார். ஒரே நாளில் முழு ஃப்ளோரையும் பளபளவென்று ஆக்கிவிட்டுப் பெருமையாகப் படம் எடுத்தேன். அதில் இரண்டு தப்பு. ஒன்று, கப் பிரஷ் துருவை எடுப்பதில்லை, பாதி இடத்தில் துருவையே பாலிஷ் போட்டுவிடுகிறது. பழுப்புக் கண்ணாடி மாதிரி மின்னும், தகரம் என்று நினைத்துக்கொள்வோம். உப்புத்தாள் மடல்கள் வைத்த 60-ஆம் நம்பர் ஃப்ளாப் டிஸ்க்கை லேசாகத் தொட்டுப் பார்த்தால்தான் வெள்ளி நிறம் எது, பழுப்பு எது என்று தெரிகிறது. இரண்டு, அடுத்த ஞாயிறு பெயிண்டுக்கு அடிப்பூச்சான பிரைமர் அடிக்கலாம் என்று விட்டுவிட்டுப் போனேன். கடற்காற்று அடிக்கிற ஊரில் சுரண்டிய தகரம் ஒரு ராத்திரி தாங்காது. காலையில் பார்த்தால் மஞ்சள் குங்குமம் வைத்தாற்போல் நின்றது. ஒரு ஞாயிறு வேலை வீண்.

அதன்பின் ஃப்ளோரைச் சாக்பீஸால் எட்டுக் கட்டமாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு கட்டத்தைச் சுரண்டினால் அன்றைக்கே தின்னரால் துடைத்து, அன்றைக்கே பிரைமர். காலை பத்துக்கு மேல்தான் தொடங்குவேன், அதற்கு முன் தகரம் ஈரக்கசிவோடு இருக்கும். குழிக்குள் போன, டிஸ்க் எட்டாத துருவுக்கு மட்டும் ரஸ்ட் கன்வர்ட்டரைச் சின்னப் பிரஷால் தொட்டு வைத்தேன். துரு கறுப்பாக மாறும். இதிலும் ஒரு தடவை தாராளமாகச் சுத்தமான தகரத்தின் மேலும் பூசிவிட்டேன். அங்கே துரு இல்லாததால் அது மாற ஒன்றுமில்லை, பிசுபிசுவென்று ஒரு தோலாகக் காய்ந்தது, மேலே அடித்த பிரைமர் நகத்தில் உரிந்தது. துருவுக்கு மட்டும்தான் அந்த மருந்து.

வெல்டிங்கிற்கு வண்டியை அண்ணாச்சியின் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். காலுக்குக் கீழே ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது ஒரு அனுபவம். அவருக்குக் கை பழகியது கேஸ் வெல்டிங். அந்தச் சூட்டில் மெல்லிய தகரம் அலை அலையாக நெளிந்துவிடும் என்று பயந்து, சி.ஓ.2 வெல்டிங் வைத்திருக்கிற அவருடைய மருமகனை வரச்சொன்னோம். அவர்கள் கையில் இருந்தது 18 கேஜ் தகரம் (கேஜ் எண் கூடினால் தகரம் மெல்லிசு). நான் 20 கேஜ் சி.ஆர். ஷீட் வேண்டும் என்று நின்றேன், ஏனென்றால் காரின் தகரமும் கிட்டத்தட்ட அந்த மெல்லிசுதான். தடித்ததையும் மெல்லியதையும் சேர்த்தால் மெல்லியது பொத்துக்கொண்டு போகும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் போட்டால் துருப்பிடிக்காதே என்று கேட்டேன். "அதுல வெல்டிங் வச்சா வர்ற வெள்ளப் புகையை மூக்குல இழுத்துட்டு ராத்திரி காய்ச்சல்ல நடுங்கணும், வேண்டாம் தம்பி" என்றார் அண்ணாச்சி. அனுபவித்தவர் சொல்கிறார்.

பெட்ரோல் டேங்க்கை இறக்கி வெளியே வைத்தோம். பேட்டரியைக் கழற்றினோம். ஓட்டையைச் சுற்றி நல்ல தகரம் வரும்வரை வெட்டியதில் 14-க்கு 9 என்று நான் அளந்தது 22-க்கு 17 ஆனது. மற்றவையும் அப்படித்தான், துரு காட்டுவதைப்போல் பரப்பில் மூன்று மடங்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டால் செலவுக் கணக்கு சரியாக வரும். ஒட்டுத் தகரம் சுற்றிலும் 15 மி.மீ. ஏறி உட்காரும்படி வெட்டி, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படும் முகங்களில் ஜிங்க் ஸ்ப்ரே அடித்து வைத்தோம். பட்டறைக்கதவைத் திறந்துவைத்து, முகத்துக்குத் துணி அல்ல, மாஸ்க். மூன்று செ.மீ.க்கு ஒரு பொட்டு, அதுவும் வரிசையாக இல்லாமல் மூலைக்கு மூலை தாவித் தாவி. இடையில் கை வைத்துப் பார்த்து, சூடு ஆறியபின் அடுத்த பொட்டு. உள்ளே ஈரச்சாக்கோடு உட்கார்ந்திருப்பது என் வேலை. பின் சீட்டு ஓட்டையை ஒட்டும்போது நான் எடுக்காமல் விட்ட ஒரு கைப்பிடிக் கம்பளிப் பஞ்சு புகைந்தது. சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டேன். டேங்க்கை இறக்கியிருக்காவிட்டால் என்று அன்று ராத்திரி இரண்டு தடவை விழித்துக்கொண்டேன்.

இரண்டரை நாள் வேலை. தகரம், கூலி எல்லாம் சேர்த்து 9,500.

பிரைமர் விஷயத்தில் அண்ணாச்சிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் ரெட் ஆக்சைடு கட்சி. ஜன்னல் கம்பிக்கு அடிக்கிறோமே, அதே. நான் ஹார்டனர் (இறுக வைக்கிற மருந்து) கலக்கிற டூ-பேக் எபாக்சி பிரைமர் இரண்டு லிட்டர் செட் வாங்கினேன். டப்பாவில் போட்ட விகிதத்துக்குச் சமையலறைத் தராசில் எடை போட்டுக் கலக்கினேன். முதல் தடவை அரை லிட்டர் கலக்கி, மாசி வெயிலில் அது பிரஷோடு சேர்ந்து டப்பாவிலேயே இறுகிப்போனது. 150 மி.லி.க்கு மேல் ஒரு தடவைக்குக் கலக்கக்கூடாது. அப்படி வீணானதால் கடைசிக் கட்டத்துக்கு, அதாவது வலது முன் வீலுக்குப் பின்னால், எபாக்சி பத்தவில்லை. சுரண்டியாகிவிட்டது, சாயங்காலம் ஐந்து மணி, கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டு. வீட்டில் கேட்டுக்கு வாங்கிய ரெட் ஆக்சைடு இருந்தது. சரி, ஒரு அடிதானே என்று அதை அடித்துவிட்டேன். மிளகுத்தூள் விழுந்திருப்பது மிகச்சரியாக அந்த ஒரு அடியில்தான். மேலே அடித்த பெயிண்ட் எல்லா இடத்திலும் ஒன்றே.

பிரைமர் காய்ந்தபின் ஒட்டு விளிம்புகள், மடிப்புகள் எல்லாவற்றிலும் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் வைத்து ஈர விரலால் இழுத்துவிட்டேன். இரண்டு டியூப். வீல் ஆர்ச்சுகளுக்கு உள்பக்கம் மட்டும், கல் தெறிக்கிற இடம் என்பதால், ரப்பர் போன்ற ஸ்டோன் கார்டு அடித்தேன். மற்ற அடிப்பக்கம் முழுவதற்கும் வெளிர் சாம்பல் நிற பி.யூ. பெயிண்ட் இரண்டு கோட். கறுப்பு வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். சாம்பல் நிறத்தில் ஒரு கடுகளவு துரு வந்தாலும் டார்ச் வெளிச்சத்தில் முகத்தில் அடிக்கிறது. கறுப்பு அழகு, ஆனால் எதையும் சொல்லாது.

ரன்னிங் போர்டின் உள்ளே எப்படிப் பூசுவது என்பதுதான் கடைசிச் சிக்கல். அது மூடிய பெட்டி, பிரஷ் போகாது. அடைபட்டிருந்த வடிகால் துவாரங்களைச் சைக்கிள் ஸ்போக்கைக் கொக்கியாக வளைத்துக் குத்தித் திறந்தேன். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒன்றேகால் டம்ளர் சேறும் தண்ணீரும் வந்தது. மார்ச் மாதத்தில், டிசம்பர் வெள்ளம்! போனில் மாட்டுகிற கேமரா ஒயர் 950 ரூபாய்க்கு வாங்கி உள்ளே விட்டுப் பார்த்தேன். செதில் செதிலாகத் துரு, ஆனால் ஓட்டை இல்லை. ஆற்றுத் தண்ணீரை உள்ளே ஊற்றிக் கழுவி, பழைய ஹேர் டிரையரை இரண்டு நாள் துவாரத்தில் வைத்துக் காயவிட்டேன்.

உள்ளே அடிக்கிற கேவிட்டி வாக்ஸ் ஒரு கேன் 690. அதற்கு எதற்குக் காசு என்று நானே காய்ச்சினேன். மெழுகுவர்த்தி, புது எஞ்சின் ஆயில், கொஞ்சம் கிரீஸ், எல்லாவற்றையும் பழைய பாத்திரத்தில் வெந்நீருக்குள் வைத்து உருக்கினேன். வாசனை வீடு முழுக்க. மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, காருக்குத் தாளிக்கியளோ?" என்று கேட்டாள். சூடாக இருக்கும்போது ஸ்ப்ரேயரில் ஊற்றினேன், குழாயின் பாதி தூரத்தில் ஆறி அடைத்துக்கொண்டது. ஆயிலை அதிகமாக்கினேன், உள்ளே போனது. ஆனால் நாலு நாள் வெயிலில் வண்டி நின்றதும் முழுவதும் உருகி வாசலில் இரண்டு கோடாக வடிந்திருந்தது. சிமெண்ட் தரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. 410 ரூபாய் போச்சு.

கேன் மூன்று வாங்கினேன். கூடவே வருகிற நீளமான குழாயின் நுனி எல்லாப் பக்கமும் பீய்ச்சும். கடைசி மூலைவரை விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். துவாரங்களில் மெழுகு சொட்டத் தொடங்கினால் போதும். மறுநாள் ஸ்போக்கால் துவாரங்களை மறுபடி குத்தித் திறந்துவைத்தேன். இதை மறந்தால் 2017 தாருக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. மூன்றாவது கேனைக் கதவுகளுக்குள் அடித்தேன். கதவின் அடி வடிகால்களில் வேப்பிலைச் சருகு மக்கி உரமாகியிருந்தது. வண்டி நிற்பது வேப்பமரத்தடியில். பானெட்டுக்குப் பின்னால் காற்று போகிற சல்லடையிலும் அதே சருகு. இப்போது வாரம் ஒருமுறை கையால் அள்ளுகிறேன்.

உள்ளே கம்பளிப் பஞ்சைத் திரும்பப் போடவில்லை. பெயிண்ட் அடித்த தகரத்தின் மேல் தூக்கி உதறக்கூடிய ரப்பர் மேட் மட்டும். சத்தம் கூடித்தான் போனது, அறுபதைத் தாண்டினால் பின் சீட்டில் இருப்பவரோடு பேச முடியாது. என் மகளுக்கு அது பிடித்திருக்கிறது.

செலவை அப்படியே தருகிறேன். வெல்டிங் 9,500. டேங்க் இறக்கி ஏற்றியது, புது ஹோஸ் 1,200. எபாக்சி, தின்னர் 2,350. சாம்பல் பெயிண்ட் 1,150. சீலன்ட் 760. ரஸ்ட் கன்வர்ட்டர் 540. மெழுகு மூன்று கேன் 2,070. ஸ்டோன் கார்டு 1,100. டிஸ்க், கப் பிரஷ், உப்புத்தாள், மாஸ்க், கையுறை 1,680. ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி 2,300. கேமரா 950. டி.டி.எஸ். மீட்டர் 240. தாளிப்பு 410. மொத்தம் 24,250. ஜாக்கி ஸ்டாண்டில் கஞ்சம் பிடிக்காதீர்கள். வண்டி 650 கிலோதான் என்று வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கிறவர்களைப் பார்க்கிறேன், செங்கலை முட்டுக் கொடுக்கிறவர்களையும். செங்கல் சொல்லாமல் உடையும்.

அந்த ஜூனில் ஆய்வுக்கு வண்டியைக் கொண்டு போனபோது அதிகாரி முகப்பு விளக்கு, பிரேக், எஞ்சின் நம்பர் பார்த்தார். குனிந்து அடிப்பக்கம் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் ஏமாற்றமாக இருந்தது.

மறுபடி செய்தால், வெல்டிங்கை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்ற இடங்களில் பிரைமர் அடிப்பேன். நான் முன்பே அடித்த இரண்டு கட்டங்கள் வெல்டிங் சூட்டில் கருகி, மறுபடி சுரண்டினேன். ஸ்டோன் கார்டையும் இன்னும் மெல்லிசாக அடித்திருப்பேன், இடது பின் ஆர்ச்சில் தடித்த இடம் ஒன்று இப்போது தோல் மாதிரி கிளம்புகிறது. அதை வெட்டி எடுத்தேன், நல்லவேளை அடியில் சாம்பல் எபாக்சி அப்படியே இருந்தது.

கழுவுவது இப்போது வீட்டில்தான். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில், இரண்டு இருபது லிட்டர் கேன். ஒன்று அடிப்பக்கத்துக்கு, ஒன்று மேலே. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து மீட்டரைத் தானே தண்ணீரில் விட்டு, எண்ணைச் சத்தமாகப் படித்தபின்தான் ஊற்ற விடுகிறார்.

வலது முன்பக்க ஒரு அடியைப் பங்குனிக்குள் சுரண்ட வேண்டும். எபாக்சிதான் அன்றைக்கே தீர்ந்துபோயிற்றே. சனிக்கிழமையே கடைக்குப் போய்ப் புது செட் வாங்கி வைக்க வேண்டும்.